பதினோரு செடியும் விஜயபாண்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் விஜயபாண்டி தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து சரஸ்வதி வீடியோ காலில் வந்தாள். தன் தங்கை கம்பை ஊன்றி எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு, "ஏங்க, போனை அப்படியே வாசப்பக்கம் கொண்டு போங்க. எம் பிள்ளைகளப் பாக்கணும்" என்றாள்.

விஜயபாண்டியின் கையிலிருந்து தோசைக் கரண்டி நழுவியது.

பிள்ளைகள் என்று அவள் சொன்னது பாலவனத்தத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்ற பதினோரு ரோஜாச் செடிகளை. பங்குனியில் தங்கை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டதும், சரஸ்வதி ஒரு பையோடு பஸ் ஏறினாள். ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ரெண்டு நாளைக்கு ஒருக்கா செடிக்குத் தண்ணி. மறந்துறாதீக."

முதல் வாரம் ஊற்றினான். அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கூடத்தில் மெக்கானிக் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் இரவுதான் வருவான். இரண்டாவது வாரம் நாளைக்கு ஊற்றலாம் என்று நினைத்தான். சித்திரையில் போர்வெல் தண்ணீர் குறைந்தது. அதற்குப் பிறகு அவன் வாசலில் எதையும் குனிந்து பார்க்கவில்லை. இப்போது ஆனி மாதம். செடிகள் தேய்ந்த விளக்குமாறுகளைப் போல நின்றன.

"சிக்னல் சரியில்ல சரசு, அஞ்சு நிமிசத்துல நானே கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்து, பக்கத்து வீட்டுக்கு ஓடினான். சைதுன் பீவி வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பச்சைச் சுவரோரம் இரண்டு ரோஜாச் செடி உண்டு. ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்கிற தண்ணீர் நேராக அவற்றின் வேருக்குத்தான் போகும். இரண்டிலும் பூ இருந்தது.

"அக்கா, ஒங்க செடிய ஒரு நிமிசம் கடன் குடுங்க. சரசு கேட்டா பேசாம இருங்க."

அவள் பதில் சொல்லுமுன் அவன் போனைப் பூவுக்குக் கிட்டத்தில் பிடித்து மனைவியை அழைத்துவிட்டான்.

"அடடா!" என்றாள் சரஸ்வதி. "பரவாயில்லையே, நல்லாத்தான் பாத்துருக்கீக." அப்போது பூவுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளாடு தலையை நீட்டியது.

"அது சைதுன் அக்கா ஆடுல்ல? அங்க எப்படி?"

"மேய வந்துருச்சு போல."

"அந்தப் பச்சைச் சுவரும் மேயவா வந்துச்சு?"

சைதுன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விஜயபாண்டிக்கு வேறு வழியில்லை. தன் வாசலுக்கு நடந்துபோய் போனைத் திருப்பிக் காட்டினான். சரஸ்வதி ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். பதினோராவது முடிந்ததும் அழைப்பைத் துண்டித்தாள்.

திட்டியிருந்தால் அவன் அன்றைக்குத் தோசையைச் சாப்பிட்டிருப்பான். மாவு மூடியபடி இருந்தது. அரைமணி நேரம் கழித்து போன் மணி அடித்தது.

"தண்ணி இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன் சரசு" என்று அவனே ஆரம்பித்தான். "வாரத்துக்கு ரெண்டு தடவ வண்டி கழுவுனேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி, அதச் சொன்னீகல்ல. இப்ப போயி ஒவ்வொரு தண்டையும் அடியில நகத்தால கீறிப் பாருங்க. உள்ள பச்சை இருந்தா உசுரு இருக்கு."

முதல் செடி உள்ளேயும் பழுப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கீறியபோது மெல்லிய பச்சைக்கோடு ஈரமாகத் தெரிந்தது. "பச்சை! சரசு, பச்சையா இருக்கு!" என்று அவன் கத்தியதில் ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அவளுடைய அம்மா வீட்டிலிருந்து குச்சி கொண்டுவந்து நட்ட பன்னீர் ரோஜாவும் பச்சை. மொத்தம் எட்டு தேறின.

உடனே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கவிழ்த்தான். கரிசல் மண் விரல் போகிற அளவுக்கு வெடித்திருந்தது. தண்ணீர் ஒரு நொடியில் காணாமல் போனது.

"வெடிப்பு வழியா அடிக்குப் போயிருச்சு தம்பி, வேருல நிக்காது" என்றாள் சுவருக்கு அப்பாலிருந்து சைதுன் பீவி. "மேல லேசாக் கொத்தி வெடிப்ப மூடிட்டு, மெதுவா ஊத்துங்க."

மெதுவாக ஊற்ற அவனுக்கு நேரம் ஏது? ஆனால் மெக்கானிக் அல்லவா! எட்டுப் பழைய தண்ணீர் பாட்டில்களின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, செடிக்கு ஒன்றாகக் குச்சியில் கட்டினான். அவன் வேலைக்குப் போனபிறகும் அவை சொட்டிக்கொண்டிருந்தன. துணி அலசும் கடைசித் தண்ணீர் முழுவதும் வாசலுக்கே வந்தது. காய்ந்த கொப்புகளை மட்டும் வெட்டினான். ஈரம் காயாமலிருக்கக் நிலக்கடலைத் தோலை வேரைச் சுற்றிப் பரப்பினான். உச்சி வெயிலுக்குத் தன் வேட்டிகள் இரண்டை நான்கு கம்பு நட்டுக் கட்டினான். தெருவில் போனவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

ஒரு வாரமாகியும் எதுவும் துளிர்க்கவில்லை. பொறுமையிழந்து உரக் கடையில் ஒரு பொட்டலம் யூரியா வாங்கி வந்து, போனில் பெருமையாகக் காட்டினான்.

"ஐயோ, போட்றாதீக!" என்று அலறினாள் சரஸ்வதி. "பல நாள் பட்டினி கெடந்தவுகளுக்கு எடுத்ததும் பிரியாணியா போடுவாக? எலை வரட்டும். அப்புறம் ஆட்டுப் புழுக்கை போதும்."

பொட்டலம் பரணுக்குப் போனது. தினமும் காலையில் அவன் செடிகளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தான். பதினாறாம் நாள், பன்னீர் ரோஜாவின் கணுவில் அரிசி அளவுக்குச் சிவப்பாக ஒன்று முட்டிக்கொண்டு வந்திருந்தது. படம் எடுத்துத் தறிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினான்.

"ஏலே, இதுல என்னத்தப் பாக்கச் சொல்ற?" என்றான் கூட வேலை பார்க்கும் மருதுபாண்டி, போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு.

"நல்லாப் பாரு. துளிரு."

"இதுக்காடா ஒரு மணி நேரமா தறிய நிப்பாட்டி வச்சிருக்க?" என்றாலும், மறுநாள் முதல் ஆளாக வந்து "இன்னிக்கு எவ்வளவு வளந்துருக்கு?" என்று கேட்டவனும் அவன்தான்.

ஆடிக் காற்று வேட்டிப் பந்தலை மூன்று தடவை பிய்த்தது. மூன்று தடவையும் கட்டினான். ஆவணிப் பிறப்பில் ஒரு மழை பெய்தது. அதற்குப் பிறகு செடிகள் அவனைக் கேட்காமலே தழைத்தன. மொட்டுகளும் வந்தன. முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடும்படி சரஸ்வதி சொன்னாள். செடி முதலில் தெம்பாகட்டும் என்றாள். ஒவ்வொன்றையும் கிள்ளும்போது அவனுக்குத் தன் விரலே வலித்தது. பன்னீர் ரோஜாவில் மறைவாக இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டான்.

தங்கை முழுசாகக் குணமானதும், ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை சரஸ்வதி வந்து இறங்கினாள். பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் செடிகளிடம் போனாள். இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். பன்னீர் ரோஜாவுக்கு முன்னால் நின்றாள். பூ அன்று காலையில்தான் விரிந்திருந்தது.

"மொத மொட்டையெல்லாம் கிள்ளச் சொன்னேன்ல?"

"இந்த ஒண்ணு மட்டும் கண்ணுல படல."

"பொய்யி" என்றாள். பூவைப் பறித்துக் கொண்டையில் செருகிக்கொண்டு, "தேறிருச்சுங்க. நல்லாத் தேறிருச்சு" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவன் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். பட்டுப்போன மூன்றுக்குப் பதிலாக மூன்று செடி வாங்க வேண்டும். அவள் இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். மஞ்சளில் ஒன்று வேண்டுமென்று அவன் அடம்பிடித்து வாங்கினான். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் மூன்று தொட்டியையும் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இலைகளுக்கு மேலே அவன் கண் மட்டும் தெரிந்தது.

கண்டக்டர் வந்து நின்றார். "அண்ணே, இது லக்கேஜுல்ல? டிக்கெட்டு எடுக்கணும்."

"செடிக்குமா?"

"ஒங்க மடியில இருந்தா லக்கேஜு. அக்கா மடியில இருந்தா லேடீஸ் கணக்கு, ஃப்ரீ."

பஸ்ஸே சிரித்தது. விஜயபாண்டி இரண்டு தொட்டிகளை மனைவியின் மடிக்கு மாற்றினான். மஞ்சள் ரோஜாவை மட்டும் கொடுக்காமல், சட்டைப் பைக்குள் கைவிட்டு, "இதுக்கு ஒரு பாலவனத்தம் குடுங்க" என்றான்.