பந்தைப் பார்க்காமல் பத்து நிமிடம்

ஸ்கெல்பி டவுன் ரசிகர்களின் பேருந்தில் முப்பத்தாறு பேர் இருந்தோம். என்னைத் தவிர எல்லாரும் என் தம்பியைத் திட்டினார்கள். மணி காலை ஏழேகால். வண்டி இன்னும் ஊரைக்கூடத் தாண்டவில்லை.

"இன்னிக்கும் நண்டைத்தான் இறக்கறாங்களாம்," என்றார் டெஸ். இறைச்சிக்கடைக்காரர், நல்ல உருவம். இரண்டு கைகளையும் கொடுக்குபோலத் திறந்து மூடியபடி இருக்கைகளுக்கு நடுவே பக்கவாட்டாக நடந்து காட்டினார். பேருந்தே குலுங்கிச் சிரித்தது.

நண்டு என்றால் கோரி. வயது பத்தொன்பது, நடுக்கள ஆட்டக்காரன். பந்து கிடைத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளுவான், இல்லாவிட்டால் பின்னால் தள்ளுவான். முன்னால் அடிப்பது அபூர்வம். எட்டு வயதில் ஒரு பெரிய கிளப் அவனை எடுத்து வளர்த்தது. இப்போது ஐந்தாம் டிவிஷனில் இருக்கும் ஸ்கெல்பிக்கு ஒரு மாத இரவலாக அனுப்பியிருக்கிறது. அந்த மாதம் இன்றோடு முடிகிறது. ஸ்கெல்பி நீட்டித்தால் மே வரை ஆடலாம். இல்லையென்றால் ஜூனில் பெரிய கிளப் கையைக் கழுவிவிடும். ஒரு கணினியைத் திருப்பி அவன் ஆட்டத்தைப் புள்ளிவிவரமாக்கிய நாலு வண்ணக் கட்டங்களைக் காட்டி, "உன் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்" என்று சொல்வார்கள். அவன் கூட்டாளிகள் பதினோரு பேருக்கு அப்படித்தான் சொன்னார்கள். அந்த வாழ்த்துகளை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால் சொல்வேன்.

நான் அவன் அக்கா என்பது பேருந்தில் யாருக்கும் தெரியாது. கர்ஸ்டி என்று பெயரை மட்டும் கொடுத்து இருக்கை வாங்கியிருந்தேன். "நீ வராதே" என்று கோரி சொல்லியிருந்தான். அவனுடைய முதல் ஆட்டத்தில் நான் நடுவரிடம் கேட்ட சில கேள்விகள் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் வராமல் எப்படி இருப்பது? ஸ்கெல்பி கிளப்புக்கு முதலாளி கிடையாது, ரசிகர்களே பங்கு போட்டு வாங்கியது. அவர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் குழுதான் எதற்கும் தலையாட்ட வேண்டும். நாளை, ஞாயிறு காலை, கோரி விஷயத்தில் வாக்கெடுப்பு. பயிற்சியாளர் அவன் வேண்டும் என்கிறார். குழுவில் இரண்டு பேர் சரி என்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். ஐந்தாவது ஆள் க்ளெண்டா ஓல்ட்ராய்ட். இந்தப் பேருந்தை ஏற்பாடு செய்பவரும் அவர்தான். அதனால்தான் நான் அவருக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்தேன்.

"நாளைக்கு என்ன சொல்லப் போற க்ளெண்டா?" என்று டெஸ் பின்னாலிருந்து கேட்டார்.

"என்னத்த சொல்ல? நாலு வாரம் பார்த்தாச்சு. முன்னாடி ஒரு பந்து தள்ளத் தெரியாத பையனுக்குச் சம்பளம் குடுக்க நாம என்ன அரண்மனையா நடத்தறோம்? வேண்டாம்னுதான் சொல்வேன்." என் பக்கம் திரும்பினார். "பன்றிக்கறி பை சாப்பிடு கண்ணு. மாவுக்குள்ள கறி வெச்சுச் சுட்டது. நானே செஞ்சது."

வாய்வரை வந்ததை அந்தக் கறி பையோடு சேர்த்து விழுங்கினேன். பேச்சை மாற்ற, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றேன்.

"கார் ஓட்டறவங்களுக்கு டெஸ்ட் வைக்கிறேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. போன வாரம் ஒரு பாதிரியாரை ஃபெயில் பண்ணேன். ஒரு தடவைகூட கண்ணாடியப் பார்க்கல. பின்னாடி வர்றத எல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவார்னு விட்டுட்டார் போல."

ஐந்து மணி நேரப் பயணம். மழை. எதிரணியின் மைதானத்தில் எங்களுக்குக் கொடுத்த மூலைக்குக் கூரை இல்லை. முதல் பாதி முழுக்க கோரி பக்கத்தில் தள்ளினான், பின்னால் தள்ளினான். ஒவ்வொரு தடவையும் முப்பத்தைந்து ஜோடிக் கொடுக்குகள் மேலே எழுந்தன.

"முன்னாடி பாருடா நண்டு!" என்று டெஸ் கத்தினார். "கோல் அந்தப் பக்கம் இருக்கு! மேப் வேணுமா?"

இரண்டாம் பாதியில் பதினைந்து நிமிடம் ஆகியும் கோல் இல்லை. க்ளெண்டா பெருமூச்சு விட்டு, "நாளைக்கு எனக்கு வேலை சுலபம்" என்றார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"க்ளெண்டா, உங்களுக்கு ஆட்டம் பார்க்கவே தெரியல."

"என்ன சொன்ன?"

"இங்க ஒருத்தருக்குமே தெரியல. பந்து போற பக்கமே எல்லாரும் மண்டைய ஆட்டிட்டு இருக்கீங்க. ஒரு டெஸ்ட் வையுங்க. பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதீங்க, அந்தப் பையனை மட்டும் பாருங்க. பந்து அவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி கண்ணாடி பார்க்கறானா இல்லையான்னு சொல்லுங்க."

"பந்தைப் பார்க்காம இருக்கவா இருபத்துமூணு பவுண்டு குடுத்து உள்ள வந்தேன்?"

"பாதிரியாருக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா?"

அது உறைத்தது. மழைக்கோட்டிலிருந்து பேனாவை எடுத்தார். பேருந்தில் பெயர் குறித்த தாளை மடித்து, பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். முகம் மாறிவிட்டது. அந்த முகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டினால் யாருக்கும் பிரேக் எது, கிளட்ச் எது என்று மறந்துபோகும்.

"இடது தோள்... வலது... மறுபடி இடது," என்று முணுமுணுத்தார். "ஏய், பந்து இன்னும் அவன்கிட்ட வரவே இல்ல. அதுக்குள்ள நாலு தடவை பார்த்துட்டான்!"

"பாருங்க."

"பின்னாடி ஒரு தடியன் பாய்ஞ்சு வர்றான். அதான் திரும்பாம பக்கத்துல குடுத்துட்டான். திரும்பியிருந்தா மோதல்தான்." தாளில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. "ஒரு தப்பு. அங்க வலது பக்கம் பார்க்கல. சின்னத் தப்பு. என்ன பொண்ணே இது, ஆந்தை மாதிரி கழுத்து வெச்சிருக்கான்!"

ஒன்பதாவது நிமிடம் இருக்கும். கோரி இரண்டு தோளுக்கும் மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு, பந்து இருந்த திசைக்கு நேர் எதிராக, வலது ஓரத்தை நோக்கி ஓடினான். கையை உயர்த்திக் கத்திக்கொண்டே ஓடினான். பந்து தனக்குத்தான் வரப்போகிறது என்பதுபோல. தடுப்பவர்கள் இரண்டு பேர் அவன் பின்னாலேயே ஓடினார்கள். க்ளெண்டாவின் பேனாவும் அவன் பின்னால் போனது.

அப்போது எங்கள் மூலை வெடித்தது. டெஸ் க்ளெண்டாவை அப்படியே தூக்கிச் சுற்றினார். யாருடைய தேநீரோ என் தலையில் கொட்டியது.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று க்ளெண்டா காற்றில் கால்களை உதைத்துக்கொண்டு கேட்டார்.

"கோல்! நம்ம கோல்! பார்க்கலையா நீ?"

"நான் நண்டைப் பார்த்துட்டு இருந்தேன்!"

"அஞ்சு மணி நேரம் வந்து கோலைப் பார்க்கலையா! நம்ம ஆள் நடுவுல தனியா புகுந்து போனான் பாரு, ஒரு பய தடுக்கல!"

"தடுக்கல, ஏன் தடுக்கல?" தன்னைக் கீழே இறக்கும்வரைகூட க்ளெண்டா பொறுக்கவில்லை. "தடுக்க வேண்டிய ரெண்டு தடியனையும் அந்தப் பையன் வலது பக்கம் இழுத்துட்டுப் போயிட்டான்டா மடையா! ரோட்டையே காலி பண்ணிக் குடுத்தான்! எனக்கு மட்டும்தான் தெரியும், நீங்க எல்லாரும் பந்தை வேடிக்கை பார்த்துட்டு இருந்தீங்க!"

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. வழக்கப்படி ஆட்டக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கைதட்ட வந்தார்கள். கடைசியாக வந்த கோரி என் முன்னால் நின்றுவிட்டான்.

"அக்கா? நீ இங்க என்ன பண்ற?"

முப்பத்தைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. டெஸ் தன் கொடுக்குகளை மெல்ல மடக்கிக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

க்ளெண்டா என்னையே பார்த்தார். "அக்காவா? அஞ்சு மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து நான் சுட்ட கறி பையைத் தின்னியே!"

"சொல்லியிருந்தா அவனைப் பார்த்திருப்பீங்களா?"

"மாட்டேன்." தாளை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். "நீ சொன்னது எதையும் நாளைக்கு நான் பேசமாட்டேன். இதுல என் கையெழுத்துல இருக்கிறதை மட்டும்தான் பேசுவேன்."

திரும்பி வரும்போது அவர் என் பக்கத்தில் உட்காரவே இல்லை. ஒவ்வொரு இருக்கையாகப் போய், தேநீர்க் குடுவையைக் கோரியாகவும் சிப்ஸ் பொட்டலங்களை எதிரணியாகவும் வைத்து, எல்லாருக்கும் அந்த ஓட்டத்தை விளக்கினார்.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"மூணுக்கு ரெண்டு," என்றார் க்ளெண்டா. "மே வரைக்கும் இங்கதான். அழாதே."

"அழல."

"சரி, அழலைன்னே வெச்சுக்கலாம். அந்த கோல் வீடியோ இருந்தா அனுப்பு. ஊர்ல எல்லாரும் பார்த்துட்டாங்க, நான் மட்டும்தான் பாக்கி."

அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். குரலில் கோபம் கொதித்தது.

"இதுல அந்தப் பையன் எங்க? பந்தை மட்டும்தான் எடுத்திருக்கான் கிறுக்கன்! இதுல பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே!"