நகத்தில் பாதி

அண்ணன் பேருந்து ஓட்டுநர். குடிப்பழக்கமே இல்லாதவனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. வேறு ஈரல் பொருத்துவதுதான் ஒரே வழி என்றார்கள். தங்கை தன் ஈரலில் ஒரு துண்டைத் தர முன்வந்தாள். ரத்த வகை சேரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் அண்ணன் பெயர் ஏறியது.

தங்கை திசுப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். நான்காம் வருடம். "ஈரல் வளக்கிறேன்" என்று எப்போதோ வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அண்ணி அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒரு மதியம் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

தங்கைக்கு மறுக்க மனம் வரவில்லை. உள்ளே அழைத்துப்போய், ஈரல் திசு வளரும் கண்ணாடித் தட்டைக் காட்டினாள். இளஞ்சிவப்புத் திரவத்தில் வெளிறிய ஒரு பொட்டு.

"நகத்துல பாதிகூட இல்லையே பாப்பா."

"இன்னும் பெருசானா நடுவுல செத்துடும் அண்ணி. உள்ள ரத்தக்குழாய் கிடையாது. இதுவே மூணு வாரம்தான் தாங்கும்."

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "உடம்புக்குள்ள வெச்சா வளந்துக்காதா? ஈரல் தானா வளரும்னு டாக்டரே சொன்னாரே."

"அது முழு ஈரல்ல வெட்டின துண்டு. இது வேற."

"நீதானே வளத்த? உனக்கே தெரியலன்னா எப்படி?"

பக்கத்து மேசையிலிருந்த அவளுடைய பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் அண்ணனைப் பார்க்கப் போனாள். கண்ணெல்லாம் மஞ்சள்.

"உங்க அண்ணி பையோட கிளம்பினா. ஒரு கிலோ நிறுத்துக் குடுத்தியா?"

சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு, அதுவரை கேட்காததைக் கேட்டான்.

"நிஜமாவே ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியாதுண்ணா."

"சரி, விடு." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். "முதுகு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

அந்த நோய்க்கு அரிப்பு அப்படித்தான் இருக்கும். பித்தம் தோலுக்கடியில் தேங்குவதால் வருவது. அதைப் பற்றி அவள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். சொறிந்தாள். நிறுத்தினால் அவன் விழித்துக்கொண்டான். கை மாற்றி மாற்றிச் சொறிந்தாள்.

அடுத்த ஒன்பது நாளும் அதுதான் அவள் வேலை. பட்டியலிலிருந்து அழைப்பு வரவில்லை. பத்தாம் நாள், வியாழக்கிழமை மதியம், அவள் கை அவன் முதுகில் இருந்தபோதே மூச்சு நின்றது. அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் சொறிந்துகொண்டிருந்தாள்.