ராட்டை இருந்த இடம்

1957 ஆகஸ்டு பதினைந்து விழாவுக்காக, மர்பி டவுனில் முத்தம்மா நம்பிக்கையோடு இரவல் தந்த கொடியை, அவளை ஒரு வார்த்தையும் கேளாமல் மாற்றித் தைத்துவிட்டார்கள். மாற்றச் சொன்னவர் விழாக் குழுச் செயலாளர் அனந்தபத்மநாபன்.

கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. நாற்பத்திரண்டில் அந்த ராட்டைக் கொடியைத் தூக்கிச் சிறை சென்றவன் முத்தம்மாவின் கணவன் பச்சைமுத்து, மில் தொழிலாளி. சிறையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தான். போலீசார் கையில் சிக்காமல் கொடியை மடியில் மறைத்து வந்தவள் அவள். "சுவத்துல ஒரு ஓரமா மாட்டுங்கய்யா, போதும்" என்றுதான் கொடுத்தாள்.

ஓரத்திலா? கம்பத்திலேயே ஏற்றவேண்டும் என்று அவர் மனம் பொங்கியது. ஆனால், தேசியக் கொடியில் இப்போது இருக்கவேண்டியது சக்கரம். எனவே, சிவாஜிநகர்த் தையற்காரர் அலெக்சாண்டரிடம் கொண்டுபோனார்.

"என்ன சார், ராட்டைக்கும் பென்ஷன் குடுத்துட்டீங்களா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ!" என்று இவரும் சிரித்தார்.

விழாவன்று கொடி விரிந்தது. கைத்தட்டல் ஓய்ந்த பின்னும் முத்தம்மா அண்ணாந்தே நின்றாள்.

"ராட்டை எங்கய்யா?"

"பிரிச்சுட்டுச் சக்கரம் வெச்சோம்மா. உங்க வீட்டுக்காரர் கொடி கம்பத்துலேயே பறக்கட்டுமேன்னு..."

"அது அவரு சட்டைய்யா. ராட்டைக்கு நீலத் துணி கெடைக்கலன்னு, மில்லுக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்டையக் கழட்டி, 'வெட்டு புள்ள'ன்னாரு. அவரோடதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

சட்டையில் குத்திய காகிதக் கொடியோடு அவர் சிவாஜிநகருக்கு ஓடினார். கடை விடுமுறை. பின்கட்டில் குடியிருந்த அலெக்சாண்டர் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்தார். கைப்பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது.

"பிடி சுட்டுச்சு, சுத்திக்கிட்டேன். வேணும்னு நீங்க சொல்லவே இல்லியே சார்?"

சொல்லவில்லை. அவளைக் கேட்கவும் இல்லை. அவிழ்க்கும்போது ஓரம் கருகிப் பொடிந்து அவர் விரலில் ஒட்டியது.

முத்தம்மா அதை வாங்கி முகர்ந்தாள். "கரி வாசனதான் வருது."

"திரும்பவும் அதுலேயே தெச்சுத் தரச் சொல்றேன்மா."

"சக்கரமே இருக்கட்டும்யா. அதான் எல்லாரும் கை தட்டிட்டாங்களே." துணியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கம்பத்திலிருந்த கொடியை அவள் திரும்பக் கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால், அன்றிரவு அவருக்கு ஒரு பிடி சோறாவது இறங்கியிருக்கும்.

வாசகரே, போராட்டக் காலத்துக் கொடி ஒன்று உம்மிடம் வந்தால், அதை வெளுக்காதீர், திருத்தாதீர். அதில் ஒரு நூலைப் பிரிப்பதற்கு முன்னும், காப்பாற்றி வைத்திருந்தவரிடம் போய்க் கேளும்.