தன்மைப் பன்மை

தன்னைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுது என்றால், வானத்தை வில்லாக வளைப்பவர்களுக்கே பேனா ஓடாது. குட்டைக்கு எப்படி ஓடும்? ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்ததிலிருந்து அவள் விண்ணப்பம் போடாத பள்ளி அந்த ஊரில் இல்லை. படிப்பு, மதிப்பெண், புகைப்படம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் எல்லாப் பள்ளியும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைக் கேட்டது: ‘உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி இணைக்கவும்.’ அவள் ‘சிறுவயது முதலே ஆசிரியப் பணி என் கனவு’ என்று தொடங்குவாள். அதே வாரம் விண்ணப்பித்த அத்தனை பேரும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். பதிலும் சொல்லிவைத்த மாதிரியே வரும். பரிசீலித்தார்களாம், வருந்துகிறார்களாம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகிறார்களாம்.

குட்டை என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. பயிற்சிக் காலத்தில் அவளையும் அவள் தோழியையும் ஒரே பள்ளிக்கு, ஒரே ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்த அனுப்பினார்கள். தோழி கரும்பலகையின் மேல் விளிம்பைத் தலையால் தொடுகிற உயரம். இவளுக்கு அதன் பாதிவரைதான் கை எட்டும். முதல் நாள் மணியடிப்பதற்குள் பிள்ளைகள் நெட்டை டீச்சர், குட்டை டீச்சர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வைக்கிற பேருக்கு மேல்முறையீடு கிடையாது. கொஞ்ச நாளில் இவர்களே டீச்சரை வெட்டிவிட்டு ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த ஏழாம் வகுப்பு வாயே திறக்காத வகுப்பு. கேள்வி கேட்டால் எல்லாத் தலையும் மேசைக்குள் போய்விடும். தப்பாகச் சொன்னால் பக்கத்துப் பையன் சிரிப்பான் என்ற பயம். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் நெட்டை, “தப்பு விடைக்குன்னு ஒரு பெட்டி வைப்போம்டி. சரியான விடையை எவன் வேணா போடுவான். தப்பைப் போடணும். மறுநாள் அதை எடுத்து, இது ஏன் சரி மாதிரி தெரியுதுன்னு பேசுவோம்” என்றாள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பிளேடால் வாய் கீறியதும் அவள்தான். பெட்டி மூன்று நாள் பட்டினி கிடந்தது. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பிள்ளைகள் பயந்தார்கள். அப்போது குட்டை, “எல்லாரும் எந்தக் கையால எழுதுவீங்களோ, அதை விட்டுட்டு அடுத்த கையால எழுதுங்க” என்றாள். அதற்கப்புறம் கேட்பானேன். கோழி கிளறிய மாதிரி எழுத்துகளோடு பெட்டி நிரம்பி வழிந்தது. கால் பங்கு பெரிசு, மூன்றில் ஒரு பங்கு சின்னது, ஏனென்றால் நாலு மூன்றைவிடப் பெரிசு என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். அதை வைத்து அந்த வகுப்பு ஒரு மணி நேரம் சண்டை போட்டது. வாயே திறக்காத வகுப்பு!

கனவு, இலட்சியம் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுக் குட்டை இந்தப் பெட்டியைப் பற்றி எழுதினாள். எழுத எழுத வந்தது. எழுதி முடித்து, ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் அண்ணனிடம் காட்டினாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே படித்தான்.

“விஷயம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன இது, எதுக்கெடுத்தாலும் நாங்கள், நாங்கள், நாங்கள்? கும்பலோட கோவிந்தா போட்டிருக்கே.”

“ரெண்டு பேரும் சேந்துதான்ணா செஞ்சோம்.”

“வேலைக்கு எடுக்கப்போறது உன்னையா, உங்க ரெண்டு பேரையுமா? ஒரு நாளைக்கு நூறு படிக்கிறேன், சொல்றேன் கேளு. ‘நாங்கள்’னு பாத்தா, இவ சும்மா பக்கத்துல நின்னவன்னு அடுத்ததுக்குப் போயிடுவோம்.”

சொன்னதோடு நிற்காமல், கை கழுவிவிட்டு வந்து லேப்டாப்பை இழுத்து, ‘நாங்கள்’ இருந்த இடத்திலெல்லாம் ‘நான்’ வரும்படி ஒரே தட்டில் மாற்றிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனான். ஆனால் தமிழில் ‘நாங்கள்’ தலையில் மட்டுமா உட்கார்ந்திருக்கிறது, வாலிலும் அல்லவா இருக்கிறது. ‘நான் வைத்தோம்’, ‘நான் பேசினோம்’ என்று பல்லிளித்தது. குட்டை உட்கார்ந்து ஒவ்வொரு வாலாக ஒட்ட நறுக்கினாள். வைத்தேன். கேட்டேன். பேசினேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பொய் இல்லை. அவள் வைத்தாள்தானே, கேட்டாள்தானே. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ஒரு வாக்கியம் இருந்தது. ‘என் தோழி ஒரு யோசனை சொன்னாள்.’ அதை அண்ணன் தொடவே இல்லை. குட்டை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்துவிட்டு, ‘எனக்கு ஒரு யோசனை தோன்றியது’ என்று எழுதினாள். படிக்க எவ்வளவு நன்றாக இருந்தது! அண்ணன்மேல் பழி போட முடியாத ஒரே வாக்கியம் அதுதான்.

ஒரு பெரிய பள்ளியில் கணக்குக்கு ஒரே ஒரு இடம். இருவருமே போட்டிருந்தார்கள். இருவருக்கும் நேர்முகத் தேர்வுக்கு ஒரே நாளில் அழைப்பு. அலுவலக அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நெட்டை இவள் கட்டைவிரலில் இருந்த மையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

“யாருக்குக் கிடைச்சாலும் சரி. உனக்குக் கிடைச்சா இன்னும் சரி. எனக்கு எழுதவே வரலடி. என் பக்கத்துல பாதிதான் இருக்கு, அதுலயும் பாதி முகவரி” என்று சிரித்தாள்.

குட்டையைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே தலைமையாசிரியை, கணக்குப் பிரிவின் பொறுப்பாசிரியர், ஒரு தமிழய்யா. தலைமையாசிரியை பெட்டியைப் பற்றி ஆசையாகக் கேட்டார். குட்டையும் மடை திறந்த மாதிரி சொன்னாள். எல்லாம் முடிகிற நேரத்தில் தமிழய்யா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“உங்க பக்கம் நல்லா இருக்கும்மா. ஒரே ஒரு இடம்தான். ‘மறுநாள் காலை நான் பெட்டியைத் திறந்தோம்’னு எழுதியிருக்கீங்க. எழுவாய் ஒருமை, பயனிலை தன்மைப் பன்மை. இந்த ‘ஓம்’ல இருக்கற இன்னொருத்தர் யாரு?”

“ராஜா காலத்துப் பன்மையா இருக்கும் சார்” என்றார் தலைமையாசிரியை. மூவரும் சிரித்தார்கள்.

குட்டைக்குக் காது மடல் சூடேறியது. அந்த இன்னொருத்தி கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து கதவைத் திறந்து, ‘இதோ, இவதான் சார்’ என்று காட்டியிருக்கலாம். கூசாமல் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேலை போயிருக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது.

“டைப் பண்றப்ப தப்பா விழுந்துடுச்சு சார்.”

“பரவாயில்ல. ‘ஓம்’மை அடிச்சா ‘ஏன்’ வரும். ஏன்னு நான் கேக்கல, போங்க” என்று சொல்லிச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். மனிதர் இலக்கண நகைச்சுவை செய்தார், அவ்வளவுதான். குட்டையோ திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வெளியே வந்தாள்.

அடுத்து நெட்டை போனாள். வரும்போது முகமெல்லாம் மலர்ச்சி.

“பெட்டியைப் பத்திக் கேட்டாங்கடி! நான் எழுதவே இல்ல, அவங்களே கேட்டாங்க. ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு பேரும் இருந்தீங்களேன்னு. உன்னைப் பத்தி ஒரு பாட்டம் புகழ்ந்து தள்ளிட்டேன். இவ கை மாத்தி எழுதச் சொல்லலன்னா அந்தப் பெட்டியில கரப்பான்பூச்சிதான் குடியிருந்திருக்கும்னு சொன்னேன். தமிழய்யா, ‘அப்ப நீங்க என்ன செஞ்சீங்க’ன்னார். நம்மளைப் பத்தி நாமளே என்னத்தைச் சொல்றது? கூட இருந்தேன் சார்னேன்.”

பேருந்து வரும்வரை குட்டை தலைவலி என்று சொல்லி ஒப்பேற்றினாள்.

வியாழக்கிழமை தொலைபேசியில் தலைமையாசிரியையே பேசினார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். “உங்களோட போட்டிக்கு வந்த பொண்ணே உங்களைப் பத்தி அவ்வளவு சொன்னதுக்கப்புறம் நாங்க யோசிக்கவே இல்லம்மா” என்றும் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். “பாத்தியா? ஒரே ஒரு வார்த்தை!” குட்டை சிரித்து வைத்தாள். வேலை வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது அந்தச் சந்தோஷம் தொண்டைக்குழியில் சிக்கிய மாத்திரை மாதிரி இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

நெட்டையிடம் சொன்னபோது அவள் கத்தியதில் இவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கத்தி முடித்துவிட்டு அவள் கேட்டாள்: “எனக்கு ஒரு உதவி பண்ணுடி. இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போடறேன். உன் பக்கத்தை அனுப்பி வை. எப்படி எழுதறதுன்னு பாத்துக்கறேன்.”

அண்ணன் லேப்டாப்பில் இருக்கிறது, அனுப்புகிறேன் என்று அப்போதைக்குத் தப்பித்தாள். அன்று இரவு அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு முன் திருத்திவிடலாமா என்று பார்த்தாள். திருத்தினால் அது இன்னொரு களவு. கடைசியில், படித்துவிட்டுத் திட்டட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும், நாலு கெட்ட வார்த்தை வாங்கினால் பாரமாவது குறையும் என்று, ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பதிலும் இல்லை. சரி, புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தாள். பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

சனிக்கிழமை மாலை நெட்டையே வீட்டுக்கு வந்தாள். நிலைப்படியில் குனிந்து, வழக்கம்போல் அம்மாவிடம் உயரத்துக்கு ஒரு திட்டு வாங்கிக்கொண்டு, உள்ளறையில் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கோபமாக வந்தவள் மாதிரி தெரியவில்லை. கையில் மடித்த தாள்.

“உன்னுதை நாலஞ்சு தடவை படிச்சேன்” என்றாள். “படிச்சப்புறம்தான் புரிஞ்சுது, நான் எவ்வளவு தூரம் உன் முதுகுல சவாரி பண்ணியிருக்கேன்னு. எனக்கு என்னமோ பாதி என்னுதுன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு பாரு. நல்லவேளை, நான் எங்கயும் அப்படி எழுதல. இதைக் கேளு.”

தாளைப் பிரித்து, வகுப்பில் வாசிக்கிற நிதானமான குரலில் வாசித்தாள்: “‘என்னுடன் பயிற்சி பெற்ற ஆசிரியை தவறு விடைகளுக்கென ஒரு பெட்டியை உருவாக்கினார். அந்தப் பணியில் நான் அவருக்கு உதவியாக இருந்தேன்.’” நிமிர்ந்து பார்த்தாள். “உதவின்னு போடலாம்ல? பொய் ஒண்ணும் இல்லையே?”

அடுக்களையில் அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“இருக்கு” என்றாள் குட்டை.

“எந்த இடம்?”

“உன்னுதுல இல்லடி. என்னுதுல.” குரல் உடைந்தது. “யோசனை உன்னுது. பெட்டி உன்னுது. எனக்குத் தோணிச்சுன்னு நான்தான் மாத்தி எழுதினேன். அண்ணன்கூட இல்ல. நானே.”

நெட்டை தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

“சாப்பாட்டு நேரத்துல, ஜன்னல் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நான்தானே சொன்னேன்?”

“நீதான் சொன்னே.”

“அப்பாடா” என்றாள் நெட்டை. உண்மையாகவே மூச்சு விட்டாள். “ரெண்டு நாளா எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சோன்னு பயந்துட்டேன். நீ பொய் எழுதுவேன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு.”

குட்டை அழுதுவிட்டாள். அழுகையோடு ஏதேதோ சொன்னாள். மன்னித்துவிடு என்றாள், தூக்கமே இல்லை என்றாள். நெட்டை கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எப்போதுமே அவசரப்படாமல் கேட்பவள். எல்லாம் ஓய்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துல சொல்லுவியா?”

திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. குட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“சேந்துடறேன்டி. சேந்து, கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் கண்டிப்பா சொல்லிடறேன்.”

சொல்லி முடிக்கும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்ப வாங்கிக்கொள்ள வாய் எடுத்தாள். நெட்டை அதற்குள் எழுந்துவிட்டாள். தாளைப் பைக்குள் வைத்தாள், செருப்பைத் தேடி மாட்டினாள், நிலைப்படியில் குனிந்தாள்.

“சரிங்க டீச்சர்” என்றாள். “நீங்க சேருங்க.”

குட்டை, வாடி, போடி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அவள் இவளைக் கூப்பிட்டதே இல்லை. கிண்டலாகச் சொல்கிறாளோ என்று குட்டை அவள் முகத்தைத் தேடிப் பார்த்தாள். கிண்டல் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாரோ ஒருவரிடம் பேசுகிற மரியாதைதான் அதில் இருந்தது.