கேசட்டில் கற்றுக்கொண்டவன்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளே, இன்னும் கொஞ்சம் நெருங்கி. ஒரு கிடார் கதை சொல்கிறேன். முதலில் சிரிப்பீர்கள். பிறகு சிரித்ததற்காகக் கொஞ்சம் வருத்தப்படுவீர்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

கேசட் போய் சி.டி. வந்துகொண்டிருந்த காலம். ஆரணியில் ஹேமநாத் என்று ஒரு பட்டு நெசவுக்காரன். கல்யாண வயது, கலைந்த தலை. சேத்துப்பட்டுத் திருவிழாக் கச்சேரியில் குணா கிடார் வாசித்ததைக் கேட்டதிலிருந்து அவனுக்குத் தறியில் மனம் நிற்கவில்லை. குணாவுக்கும் அதே வயதுதான். களம்பூர் காலனிக்காரன். பகலில் அரிசி மில்லில் வேலை, கூப்பிட்ட இடத்தில் கச்சேரி. வெட்கத்தை விட்டுப் போய், கற்றுத் தருவாயா என்று கேட்டான் ஹேமநாத். "வா மச்சி, அதுக்கின்னா" என்றுவிட்டான் குணா.

அமாவாசைக்குத் தறி ஓடாது. தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் தீர்ந்து அடுத்த பாவு வரும்வரையிலும் ஓய்வுதான். அந்த நாட்களிலெல்லாம் ஹேமநாத் களம்பூர் பஸ்ஸில் இருப்பான்.

இடது கை சீக்கிரம் படிந்துவிட்டது. வலது கைதான் படுத்தியது. தறியில் அந்தக் கை கயிற்றை வெடுக்கென்று இழுக்கும், ஊடு நூல் சுமந்த நாடா பாயும், உடனே கை நின்றுவிடும். மறு கை பலகையை அடித்து முடிக்கிறவரை அது காத்திருக்க வேண்டும். சின்ன வயதுப் பழக்கம். கிடாரிலும் அப்படியே ஒரு வெட்டு வெட்டிவிட்டு நின்றது.

"இன்னா மச்சி, சேலை நெய்றியா? முந்தி வந்துச்சா, இன்னும் ஒடம்புதானா?"

"சிரிக்காதடா. தானா நின்னுடுது."

"நிக்கக் கூடாது. கீழ போன கை மேல வரணும். கம்பில பட்டாலும் படாங்காட்டியும் போய்கினே இருக்கணும். தோள ஆட்டாத, மணிக்கட்டுல உதறு. மில்லுல ஈர உமி கையில ஒட்டிக்கும், உதறுவோம் பாரு, அப்டி. கம்பி மீட்டுற அந்த பிளாஸ்டிக் பிக்க ஏன் இந்த நசுக்கு நசுக்கற? பல்லி வாலு மாதிரி புடி. அழுத்துனா அறுந்துடும்."

குணாவின் அம்மா ரங்கம்மாள் வாசற்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "பாவம்டா, அந்தப் புள்ளைய சாப்ட உடு!" சோறு போடுவாள். ஹேமநாத் நன்றாகச் சாப்பிடுவான். ஆனால் ஒரு நாளும் குணாவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. குணாவும் கேட்டதில்லை.

வருஷம் திரும்பியது. கை பழகியது. ஹேமநாத்தின் தங்கை காவ்யா கல்யாண வரவேற்புக்குக் குணாவின் குழுதான் கச்சேரி. "ஒரு பாட்டு நீ வாசி, உங்காளுங்க பாக்கட்டும்" என்று தன் கிடாரையே கழற்றிக் கொடுத்தான் குணா.

வாசித்தான் பாருங்கள்! கை எங்கேயும் நிற்கவில்லை. மண்டபமே கைதட்டியது. பெரியப்பா சுப்பராயலு மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"டேய் ஹேமு, யார்கிட்டடா கத்துகின இத?"

மைக் அவன் வாய்க்கு நேரே வந்தது. குணா கைக்கெட்டும் தூரத்தில், புன்சிரிப்போடு நின்றிருந்தான். பேரைச் சொன்னால் எந்த ஊர் என்பார்கள், எந்தத் தெரு என்பார்கள், அவங்க ஊட்ல சாப்டியா என்பார்கள். முன்வரிசையில் சம்பந்தி வீட்டார்.

"யார்கிட்டயும் இல்ல பெரியப்பா. கேசட்டு கேட்டுக் கேட்டு நானே..."

"பாத்தீங்களா, நம்ம தெருப் புள்ளைய!" என்றார் பெரியப்பா. மறுபடி கைதட்டல். குணா கிடாரை வாங்கிக்கொண்டு, சரியாக இருந்த கம்பியையே திரும்பத் திரும்ப முறுக்கினான். ஹேமநாத் அவனைப் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கினான். பந்தியில் உட்கார்ந்தவன் இலையை அப்படியே மூடினான்.

மறுநாள் காலை பெரியப்பா வீட்டுக்குப் போய், "நான் சொன்னது பொய். களம்பூர் குணாதான் கத்துக் குடுத்தான்" என்றான்.

"சரி, இருக்கட்டும். இத இன்னொருத்தர்கிட்ட சொல்லிகினு திரியாத" என்றார் அவர்.

அங்கிருந்து நேராகக் களம்பூர். நடந்ததைச் சொன்னான். குணா கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மைக்ல சொன்னத ஊட்டுக்குள்ள சொல்லி அழிச்சிட்டு வந்தியா?" என்றான். மில்லுக்கு நேரமாகிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ரங்கம்மாள் டீ கொடுத்தாள். அதைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் பஸ் ஏறினான்.

ஆடி மாதம் ஹேமநாத்தின் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அன்று வேறு ஏதோ குழுவின் கச்சேரி. இடைவேளையில் ஹேமநாத் ஏறி மைக்கைக் கேட்டு வாங்கினான். 

"எனக்குக் கிடார் சொல்லிக் குடுத்தது களம்பூர் காலனி குணா. அவங்க ஊட்ல ஒரு வருசம் சாப்ட்டுகினே கத்துகினேன். தங்கச்சி கல்யாணத்துல அவன பக்கத்துல வெச்சிகினே இல்லன்னு சொன்னேன். அது எனக்கு அசிங்கம்."

ஒருவரும் கைதட்டவில்லை. பெரியப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். "இன்னாத்துக்கு இவனுக்கு இந்த வேல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஹேமநாத் தலை குனிந்தபடியே இறங்கினான். சொல்லிவிட்டதால் மட்டும் வெட்கம் போய்விடுமா, சொல்லுங்கள்.

அடுத்த அமாவாசைக்குக் களம்பூர் போனபோது குணாவுக்குச் சேதி முன்பே வந்திருந்தது. கிடாரைத் துடைத்து உறையில் போட்டான். பிறகு, "அடுத்த வாட்டி நான் உங்க ஊட்டுக்கு வரேன்" என்றான்.

"வா" என்றான் ஹேமநாத். 

கேட்டுக்கொண்டிருந்த என் செல்வங்களே, உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால், நாலு பேர் கேட்க அவர் பேரைச் சொல்லி உள்ளே கூப்பிடும் வாய் உங்களுக்கு வாய்க்கட்டும். குறையில்லாமல் இருங்கள்.