மோட்டாருக்குக் கொடுத்த நம்பர்

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் இசக்கிதுரைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பென்னலூரில் அவன் குடியிருந்த மாடி வீட்டில் இருட்டினால் வாசல் விளக்கு தானே எரியும். கதவைப் பூட்டினால் ஃபேன் நின்றுவிடும். எல்லாம் அவன் கைவேலை. அவன் அதிகம் பீற்றிக்கொண்டது தண்ணீர் மோட்டாரைப் பற்றி. பழைய செல்போன் ஒன்றை அதோடு கோத்துவிட்டிருந்தான். அந்த நம்பருக்கு எங்கிருந்து அடித்தாலும் ஒரு மணியோடு அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரை ஓடவிடும். செலவு சல்லிக்காசு இல்லை.

மோட்டாருக்குப் போய்ப் புது சிம் வாங்குவானா எவனாவது? மனைவி வேல்விழியின் பழைய சிம்மை அதில் போட்டுவிட்டு, ஆஃபரில் வந்த புதுசை அவளுக்குக் கொடுத்தான்.

"எங்கம்மாட்ட இந்த நம்பரச் சொல்லிட்டியளா?"

"அதெல்லாம் சொல்லியாச்சு."

சொல்லவில்லை. ஓ.டி. முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். அப்புறம் மறந்தே போனான்.

வேல்விழிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தென்காசிக்கு அழைத்துப் போக அம்மாதான் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை.

"நீயே ஒரு போன் போடேன்."

"வெக்கமில்லாம நானா கேக்கணுமாக்கும்?"

அந்த வீம்பிலேயே மாதம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் நாகப்பன் கீழிருந்து கத்தினார். "இன்னாபா துரை, உன் மிஷினுக்குப் பேய் புடிச்சிகீதா? யாரும் போடாமயே ஓடிகினு கீது, டேங்கு ரொம்பி ஊத்துது!"

இறங்கிப் போய் மோட்டாரோடு பழைய போனை வைத்திருந்த பெட்டியைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் போன் ஒளிர்ந்தது. 'அம்மா' என்று பெயர் வந்தது. ஒரு மணி. துண்டித்தது. மோட்டார் உறுமியது.

தன் போனிலிருந்து மாமியாரை அழைத்தான்.

"ஒரு மாசமா அடிக்கேன் மாப்ள. ஒரு மணியில வெட்டிப்போடுதா. பகல்ல ஒங்களுக்கு அடிச்சா எப்பவும் ஆஃப்லயே கெடக்கு."

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்; அணைத்து கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும்.

"அவ வெட்டல அத்த, அது மோட்டாரு…"

"மோட்டாரா?" அவருக்கு விளங்கவில்லை. "வளைகாப்புக்கு வாங்குன வளையல அம்மன் கோயில்ல சாத்திட்டேன் மாப்ள. எட்டாம் மாசத்துல கூட்டியாறது வழக்கமில்ல. ஒம்பதுல அம்புட்டு தூரம் அலைக்கழிக்க முடியுமா? அங்கனயே பாத்துக்கிடுங்க."

மாடியேறிப் போய் வேல்விழியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் கத்தவில்லை.

"சொல்லியாச்சுன்னு சொன்னியளே."

அம்மா வீட்டுக்கென்று மடித்து வைத்திருந்த சேலைகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். இவன் ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.