கோடு போடாத மேதை

லீயான் வரைந்த சர்க்யூட் படத்தை முதலில் பார்த்தபோது, யாரோ திரையில் நூடுல்ஸைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பாலின் சூட்டை எட்டு இடங்களில் அளக்கும் எட்டு சென்சார்கள். எட்டிலிருந்தும் சிப்புக்குத் தனித்தனியாகக் கோடு இழுத்திருந்தாள். நாகரிகம் தெரிந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. இந்த முனையில் ஒரு லேபிள், அந்த முனையில் அதே லேபிள், முடிந்தது. பெயர் ஒன்றானால் கம்பியும் ஒன்று என்று மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும்.

"ஏம்மா, உனக்கு மீட்டர் கணக்குல சம்பளமா?"

"கண்ணால பாத்தாத்தான்பா எனக்கு நம்பிக்கை."

ஒன்பது வருடம் நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதிக் கறவைக் கொட்டகைகளில், சாணியில் முழங்காலூன்றிக் கறவை எந்திரங்களின் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்த்தவள். அங்கே பிடித்த கெட்ட பழக்கம்.

எங்கள் மேலாளர் தான்யாவுக்கும் அந்தப் படம் புரியவில்லை. "கிரெய்க், நீ புதுசா வரைஞ்சுடு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் போர்டு செய்யற கம்பெனிக்குப் போயாகணும். மாடு கன்னு போட்டுக் கறவை ஆரம்பிக்கற சீசன் நமக்காகக் காத்திருக்காது. உன்னுது சரியா வந்துட்டா லீயான் திரும்பக் கீழ்த்தளத்து ரிப்பேர் வேலைக்கே போகட்டும்."

நாற்பது நிமிடத்தில் முடித்தேன். ஒரு சென்சாருக்கு ஒரு பக்கம் வரைந்து, அதையே ஏழு முறை நகலெடுத்தேன். மென்பொருள் ஏதோ எச்சரித்தது. எச்சரிக்கைகள் கற்றுக்குட்டிகளுக்கானவை. அணைத்துவிட்டுக் கொத்துக்கறி பஃப் தின்னப் போனேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு லீயான் என் மேஜைக்கு வந்தாள். கையில் அச்செடுத்த காகிதங்கள், மஞ்சள் மார்க்கர்.

"காகிதமா? கல்வெட்டுல செதுக்கி எடுத்துட்டு வரலையா?"

"முதல் பக்கத்துல 'சூடு 1'னு ஒரு லேபிள் இருக்கு."

"இருக்கும். நான்தானே போட்டேன்."

"எட்டாம் பக்கத்துலயும் அதேதான் இருக்கு. நடுவுல இருக்கற ஆறுலயும்."

சிரிக்கத் திறந்த வாய் அப்படியே நின்றது. பக்கத்தோடு லேபிளும் நகலாகியிருந்தது. எட்டு சென்சாரும் ஒரே கம்பியில்; எந்தச் சூடு எந்த இடத்தினது என்று சிப்புக்குத் தெரியவே தெரியாது. நகலெடுக்கும்போது எண் தானாக ஏறுவதற்கு ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போன மாதம் அலுவலகத்துக்கே அதைப் பற்றி வகுப்பெடுத்தவன் நான். டிக் போடாதவனும் நான் ஒருவன்தான்.

"தான்யாகிட்ட சொல்லிட்டியா?"

"இப்ப சொன்னா மூணு மணிக்குப் போகுமா? நான் படிக்கறேன், நீ அடி."

அவள் படிக்கப் படிக்க நான் திருத்தினேன். சரியான ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பூசினாள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படம் போய்ச் சேர்ந்தது.

தான்யா வந்து திரையைப் பார்த்தாள். "எவ்ளோ சுத்தமா இருக்கு! அப்ப லீயான், திங்கள்லேர்ந்து நீ கீழ..."

லீயான் மார்க்கரை மூடினாள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மேதையாகவே ஓய்வு பெற்றிருக்கலாம்.

"தான்யா, எட்டு சென்சாரையும் ஒரே கம்பியில முடிச்சுப் போட்டு வெச்சிருந்தேன். இவதான் கண்டுபுடிச்சா. இவள கீழ அனுப்பினா அடுத்த படத்தையும் நான் தனியாத்தான் வரைவேன். யோசிச்சுக்கோ."

தான்யா காகிதங்களைப் புரட்டினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி காகிதங்களைப் பார்த்தாள்.

"லீயான் இங்கயே இருக்கட்டும். இவ கையெழுத்தில்லாம உன் படம் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

அவள் போனதும் லீயான் கையை நீட்டினாள். "அடுத்தத குடு."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"அது இன்னும் நல்லது," என்று நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.